வெள்ளோட்டம்

கார் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் பேரப்புலி தன் வேலையை ஆரம்பித்தான்.

அலுவலகத்தில் அவனுக்கு அப்படித்தான் பெயர். வைத்துக்கொண்டதும் அவனேதான்.

காரை விற்கிற தையல்காரம்மா எதிரே மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடச் சீருடைகள் அவருடைய இடது பக்கம் குவிந்து கிடந்தன. வந்தவனுக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், திரும்பவும் தைக்க உட்கார்ந்துவிட்டார். விற்கத் தெரியாத ஆள் என்று அவன் அப்போதே முடிவு கட்டினான்.

நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் பழைய கார் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று முதலில் சொன்னவள் அவன் மனைவி. அந்த ஊர்க்காரனிடம் செருப்பைக்கூட நம்பி வாங்க முடியாது என்று அன்றைக்கு அவள் வாயை அடைத்தான். கொஞ்ச நாள் கழித்து அதையே தன் யோசனையாக அலுவலகம் முழுக்கத் தம்பட்டம் அடித்தான்.

இங்கே ஒரு வழக்கமாம். தையல்காரம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார். காரை வெள்ளோட்டம் பார்க்கக் கிளம்பினால், திரும்பி வரும்வரை வாங்குகிறவர்களில் ஒருவர் விற்கிறவர் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். பணம் காசு வேண்டாம், ஆள்தான் ஜாமீன்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஊரே திருட்டு ஊராக இருந்தால் வழக்கமும் இப்படித்தான் இருக்கும்.

தானே உட்காருவதாகச் சொன்னது அவனுடைய தந்திரம். மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் நின்று காரை ஆசையாகப் பார்த்தால் விலை இறங்குமா? அவர்கள் ஒரு சுற்றுப் போய்வரட்டும், அதற்குள் இந்த அம்மாளைக் கரைத்துவிடலாம். தவிர, இந்த நாட்டுக் காரில் ஸ்டீயரிங் மறுபக்கம். எங்கேயாவது இடித்தால் அந்தப் பழி அவள் தலையிலேயே விடியட்டும்.

அவள் கிளம்பியதே ஒரு கூத்து. டிக்கி எவ்வளவு கொள்ளும் என்று பார்க்கவேண்டுமாம். கொண்டுவந்த பெட்டிகளை எல்லாம் தூக்கி உள்ளே அடுக்கினாள். ஒரு நாள் பயணத்துக்கு எதற்கு இத்தனை பெட்டி என்று காலையில் பஸ்ஸிலேயே அவளைத் திட்டித் தீர்த்திருந்தான். போதாக்குறைக்குப் பெரியவன் இந்த வெயிலில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அம்மா புத்திதானே பிள்ளைக்கும் வரும்.

அவன் செருமிக்கொண்டு தொடங்கினான். இந்த வண்டியை இனாமாகக் கொடுத்தால்கூட யோசிக்கவேண்டும் என்றான். பெயிண்ட் வெளுத்துவிட்டது, டயர் வழுக்கை, ஹாரன் காசநோய்க்காரன் மாதிரி இருமுகிறது என்றான். இந்த ஊர் ரோடு, இந்த ஊர் மெக்கானிக், இந்த ஊர் பெட்ரோல் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

மட்டம் தட்டத் தட்டத்தான் விலை இறங்கும் என்பது அவன் கண்ட வேதம். காய்கறிக்காரன் முதல் பெண் வீட்டார் வரை எல்லோரையும் அப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்திருந்தான்.

அடுத்து மனைவியை எடுத்தான். வீட்டுச் சங்கதியை நாலு வார்த்தை அவிழ்த்துவிட்டால் பெண்கள் இளகிவிடுவார்கள்.

"அவளுக்கு எதுக்கும்மா காரு? ரிவர்ஸ் எடுக்கத் துப்பில்ல. ஆஸ்பத்திரியில ஊசி குத்துற உத்தியோகம், வாங்குற சம்பளம் பஸ்ஸுக்கே சரியாப் போவுது. நான் மட்டும் இல்லன்னா தெருவத் தாண்டத் தெரியாது அதுக்கு."

மெஷின் சட்டென்று நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று அவன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான். மாமனார், மாமியார், மச்சினன் என்று அவள் வகையறாவையே வரிசையாக நிற்கவைத்துக் காய்ச்சினான். நடுவில் தொண்டை வறண்டது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

ஒரு கட்டத்தில் பேச்சு தீர்ந்து நிமிர்ந்தபோது, சீருடைகள் தைத்து முடிந்து வலது பக்கம் போயிருந்தன. வாசலில் கிடந்த வெயிலைக் காணவில்லை.

ஒரு சுற்றுக்கு இவ்வளவு நேரமா? எங்கேயோ இடித்துத் தொலைத்திருப்பாள். வரட்டும், இருக்கிறது அவளுக்கு. போன் போட்டான். அணைத்து வைத்திருந்தாள்.

"சரி, கடைசியா சொல்றேன். சொன்ன விலையில பாதி. இஷ்டம்னா குடு, இல்லன்னா அவ வந்ததும் நாங்க பாட்டுக்குக் கிளம்பறோம்."

தையல்காரம்மா கடைசிச் சட்டையை உதறி மடித்தார்.

"வண்டி போன மாசமே வித்துப்போச்சுங்க. வாங்குனது உங்க வீட்டம்மாதான். இங்க பெரிய ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடமும் பாத்துட்டாங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை. அப்படியானால் ஆளை உட்காரவைக்கிற வழக்கம் என்னவென்று கேட்டான்.

"அப்படி ஒரு வழக்கம் எந்த ஊர்லயும் இல்லீங்க. எங்க ஊரப் பத்தி மட்டமா எதச் சொன்னாலும் நீங்க நம்புவீங்கன்னு அவங்கதான் சொன்னாங்க. உக்கார வச்சிட்டாப் போதும், பேச ஆரம்பிச்சா உங்களுக்கு நேரம் போறதே தெரியாதாம்."

எல்லைக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்பதையும் அவர் சொன்னார். அது அவன் காதில் ஏறவில்லை. வெறும் தெருவைப் பார்த்தபடி வாயைத் திறந்தான்.

"வண்டிய எவ்வளவுக்கு முடிச்சா அவ?" என்றுதான் கேட்டான்.