தரையைக் கேட்க ஒருத்தரும் இல்லை

திண்டிவனத்தில் மகன் கட்டிய புது வீட்டின் கூடத்தில், வழவழவென்ற வெள்ளை டைல்ஸில், அஞ்சம்மாள் வழுக்கி விழுந்தாள். எழுபத்து மூன்று வயது. எலும்பு முறியவில்லை. இடுப்பில் உள்ளங்கை அளவுக்குக் கன்றிப்போயிருந்தது.

“செவுத்தப் புடிச்சிக்கினு நடக்க மாட்டியா? எப்பப் பாத்தாலும் உன்னோட பேஜாரு!” என்று மகன் குமரேசன் கத்தினான்.

“சின்னப் புள்ளையில நீ வுழுந்தப்பல்லாம் உன்னயா திட்டுனேன்? தரையத்தானடா அடிச்சேன்! எனக்காக இந்தத் தரைய ஒருத்தராவது கேட்டீங்களா?”

விழுந்த இடத்தில் கைத்தடியால் ஆத்திரம் தீர அடித்தாள். டைல்ஸ் உடையவில்லை.

மறுநாள் காலை மருந்து தடவ வந்த மருமகள் அருணா, மாமியாரின் இடுப்பில் கன்றல் இல்லாததைப் பார்த்தாள். அது கூடத்து டைல்ஸில் இருந்தது. ஆசிட் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை. தொட்டால் சுட்டது. மூன்றாம் நாள் பச்சையானது. ஆறாம் நாள் மஞ்சளானது.

அஞ்சம்மாள் இப்போது தடியை ஊன்றுவதில்லை. ஓங்கிப் பிடித்தபடி நடுக்கூடத்தில் நடக்கிறாள். அவள் வரும்போது தரை லேசாக ஒடுங்குகிறது.

குமரேசன்தான் சுவரை விடுவதில்லை.