அந்த ஞாயிற்றுக்கிழமை

சிட்னியில், மேல்முறையீட்டு அதிகாரி டெப்ராவின் மேசைக்கு எதிரே சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தார் தெரேமோவானா. அவருடைய ஊனமுற்றோர் பென்ஷனை நிறுத்திவிட்டார்கள்.

"அக்கா சாவுக்குப் போனது சரி. வெளிநாட்டுல நாலு வாரம்தான் இருக்கலாம்னு தெரியுமில்ல?"

"நல்லாத் தெரியும்மா. விரல் விட்டு எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்."

"கெடு ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சுது. நீங்க வந்து இறங்கினது திங்கக்கிழமை. அந்த ஞாயித்துக்கிழமை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை."

"சொந்தக்காரங்க விருந்துக்குப் பிடிச்சு வெச்சுட்டாங்களா?"

"அன்னிக்குப் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை."

"சர்ச்சுக்காவது போனீங்களா?"

"இல்லம்மா. அறுபது வருஷத்துல நான் சர்ச்சுக்குப் போகாத ஒரே ஞாயிறு அதுதான்."

டெப்ரா பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நாள் முழுக்க ஒண்ணுமே செய்யாம யாராவது இருப்பாங்களா? உண்மையைச் சொல்லுங்க."

தெரேமோவானா விமானச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"கெடுவுக்கு ஒரு நாள் முன்னாடியே, சனிக்கிழமை ராத்திரி எங்க தீவுல ஏறிட்டேன். ஆறு மணி நேரம்தான் பறந்தோம். நடுக்கடல்ல தேதி மாறுற கோடு இருக்கில்ல? அதைத் தாண்டி இங்க வந்து இறங்கினா திங்கக்கிழமை!"

டெப்ரா சீட்டை இரண்டு முறை படித்தார். சுவர்க் காலண்டரைப் பார்த்தார். பிறகு பென்ஷனை நிறுத்திய உத்தரவின் குறுக்கே கோடு போட்டபடியே கேட்டார்.

"அப்ப அந்த ஞாயித்துக்கிழமை?"

"எனக்கு வரவே இல்லம்மா. உங்க ஃபைல்ல மட்டும்தான் வந்திருக்கு."