குடல் விழிக்கும் வரை
ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே சாயங்கால வெயில் ருக்குமணியின் போர்வைமேல் விழுகிறது. குடல் ஆபரேஷன் முடிந்துவிட்டது. காற்றுப் பிரிந்தால்தான் குடல் விழித்ததாக அர்த்தம், அதுவரை சொட்டுக் கஞ்சியும் கிடையாது என்கிறார் டாக்டர். “கெந்துட், காத்து, வந்துச்சா அக்கா?” நர்ஸ் தலையை நீட்டிக் கேட்டுவிட்டுப் போகிறாள். தூரத்தில் பெர்ரி கப்பல் தாராளமாக ஊதுகிறது. காற்றுப் பிரியும் சத்தத்துக்காகவே கல்யாணமான நாளிலிருந்து கணவர் சந்திரசேகரனை ஹாலிலிருந்து விரட்டியவள், இன்று தனக்கு அது வராமல் உதடு காய்ந்து கிடக்கிறாள். “என்னோடத கொஞ்சம் தரட்டுமா?” என்கிறார் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் சந்திரசேகரன். “சும்மா இருங்க லா, சிரிச்சா தையல் வலிக்குது.” வேறு எதுவும் செய்யத் தெரியாமல் அவள் வயிற்றருகே குனிந்து காதை வைக்கிறார். கடமுடவென்று ஒரு சத்தம். “கேட்டுச்சு ருக்கு, கேட்டுச்சு!” அவள் கை மெல்ல அவர் தலையைத் தடவுகிறது. “அது உங்க வயிறுங்க. போயி சாப்பிட்டு வாங்க.” அவர் காதை எடுக்கவில்லை.