சோகப் பாட்டுக்கு ஒரு அட்டவணை

செபு நகரப் பாட்டுப் போட்டிக்குச் சோகப் பாட்டு எழுதி முடித்திருந்தான் எல்மெர். அவன் அறைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பிய்த்தெடுத்து அவன் முன் வீசினாள் அவன் காதலி ரொவேனா.

"பாட்டு உள்ளேர்ந்து வரணும்னு ஊரெல்லாம் பீத்திக்கிறே. இது என்ன? செவ்வாய் சண்டை, வெள்ளி பிரிவு, ஞாயிறு அழுகை. கட்டம் போட்டுத்தான் எழுதுவியா?"

"பாட்டுல ஒரு வரிகூட நான் திட்டம் போடல. அப்படியே கொட்டுச்சு."

"கொட்டாம என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை நெஜமாவே என்னைக் கழட்டி விட்டியேடா. மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல."

"அனுபவிச்சாத்தானே எழுத வரும்? கடைசிக் கட்டத்தைப் பாரு, இன்னிக்குத் திங்கள், சமாதானம். பன்றி வறுவல்கூட வாங்கி வச்சிருக்கேன்."

ரொவேனா பேனாவை எடுத்து அட்டவணையில் திங்கள் கட்டத்தை அடித்தாள். வறுவல் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த சோகப் பாட்டை இப்பவே ஆரம்பிச்சுடு."