ராக்கெட்டுக்கு நாலு டயர்

புது டயர் வாங்க வருகிறவன் அது எத்தனை வருஷம் உழைக்கும் என்றுதான் கேட்பான். ராக்கெட் கேட்டது வேறு.

“ரெண்டு நாள் தாங்கினா போதும்ணே. எது இருக்கு?”

டயர்க் கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “ரெண்டு நாளைக்கு டயர் எதுக்கு சார்? பலூன் கட்டிட்டுப் போங்க.”

ராக்கெட் என்பது அவனுக்குத் தெரு வைத்த பெயர். கல்யாணமான புதிதில் இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். இரண்டே சீட்டு. மாமியாருக்கு அதில் இடம் கிடையாது என்பதுதான் வாங்கிய காரணமே.

இப்போது மனைவிக்கு எட்டாவது மாதம். வயிற்றில் இரட்டைக் குழந்தை.

“பிள்ளைங்களைக் கூரை மேல கட்டித் தூக்கிட்டு வரப் போறீங்களா? நாலு கதவு வெச்ச கார் வாசலுக்கு வரட்டும், நானும் வரேன்” என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

காரை விற்கப் பார்த்தான். வேகத்தடை ஒவ்வொன்றிலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும் காரைப் பழைய இரும்பு விலைக்குக் கேட்டார்கள். ஆனால் அதுவே திருடு போனால் இன்ஷூரன்ஸ்காரன் தரும் தொகைக்கு நாலு கதவுக் கார் தாராளமாக வரும்.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. பாலிசியைப் புதுப்பிக்கக் காரைப் பார்க்க வந்த ஆள், வழுக்கையாகத் தேய்ந்திருந்த டயர்களைத் தடவிப் பார்த்துவிட்டு, மாற்றினால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டான். நாளைக்கு மறுபடி வருகிறான்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்ல முடியுமா?

“இருக்கிறதிலேயே மலிவா ஒண்ணு காட்டுங்கண்ணே.”

“பந்தயக் குதிரைக்கு ரப்பர் செருப்பு மாட்டச் சொல்றீங்களே! இந்தக் காருக்கு முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி அதைவிட அகலம். அளவு தப்பினா எந்த இன்ஷூரன்ஸ்காரனும் உதட்டைப் பிதுக்குவான்.” உள்ளேயிருந்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். “இதைப் பாருங்க. மழைத் தண்ணியை வாரி வெளியே தள்ளும். தரையை அப்படியே கவ்வும். திருடன் பார்த்தா அவனுக்கே கை ஊறும் சார்.”

ராக்கெட்டின் காது அங்கேயே நின்றுவிட்டது. தூண்டில் போடுகிறவன் புழுவில் கஞ்சத்தனம் பார்க்கலாமா?

“நாலும் இதுலயே மாட்டிடுங்க” என்றான்.

கடைக்காரர் குந்தி உட்கார்ந்து நட்டுகளை முறுக்க ஆரம்பித்தார். ராக்கெட் பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்தபடி கேட்டான்.

“ஏண்ணே, சும்மாதான் கேக்கறேன். இங்க கார் அதிகமாத் திருடு போறது எந்தப் பக்கம்?”

முறுக்கிய கை நின்றது. “எதுக்கு சார்?”

“அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்காம இருக்கலாம்னுதான்.”

“விவரமான ஆளு சார் நீங்க. மூடிப் போட்ட மாவு மில்லுக்குப் பின்னாடி ஒரு சந்து. ஈ காக்கா இருக்காது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அங்க மட்டும் காரை விட்டுடாதீங்க.”

ராக்கெட் அதை மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டான்.

“இதையும் மாட்டி விடறேன், சக்கரத்துக்கு ஒண்ணு” என்றார் கடைக்காரர். “பூட்டு நட்டு. இதுக்குன்னு இருக்கிற சாவி இல்லாம எந்தக் கொம்பனாலயும் சக்கரத்தைக் கழட்ட முடியாது.”

“அதெல்லாம் வேண்டாம்ணே.”

“காசு வேண்டாம் சார். நம்ம அன்பளிப்பு.” சாவியை அவரே அவனுடைய சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொடுத்தார்.

ராக்கெட்டுக்குச் சிரிப்பு வந்தது. காரையே ஓட்டிக்கொண்டு போகப் போகிற திருடன் சக்கரத்தை எதற்குக் கழற்றப் போகிறான்?

மறுநாள் கையெழுத்து கிடைத்தது. ஞாயிறு மதியம் மாவு மில் சந்தில் காரை நிறுத்தி, கார்ச் சாவியை அதிலேயே தொங்கவிட்டு, ஜன்னல் கண்ணாடியையும் உபசாரமாக இறக்கி வைத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போனான். போலீஸ் ஸ்டேஷனில் காட்ட வேண்டிய முகத்தைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினான். அழுகை வரவில்லை. மாமியாரை நினைத்துக்கொண்டான். வந்துவிட்டது.

சாயங்காலம், திருட்டைக் கண்டுபிடிக்க மறுபடி சந்துக்குப் போனான்.

கார் அங்கேயே இருந்தது. சாவியும் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரங்கள்தான் இல்லை. நாலு மூலைக்கும் செங்கல் அடுக்கி, அதன் மேல் காரைப் பூப்போல இறக்கி வைத்திருந்தார்கள். பானட் மேல் நாலு பூட்டு நட்டுகள், ஒரு கீறல் கூட இல்லாமல். அவற்றின் சாவியோ அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

புழுவை மட்டும் தின்றுவிட்டு மீன் போய்விட்டது. போலீஸுக்குப் போனால், ஈ காக்கா இல்லாத சந்தில் காரை ஏன் விட்டாய் என்று அவனைத்தான் உட்கார வைப்பார்கள். வெறும் சக்கரத்துக்கு இன்ஷூரன்ஸ்காரன் சல்லிக்காசு தரமாட்டான். நாலு கதவு வரும் வரைக்கும் மனைவியும் வரமாட்டாள். மறுபடி ஒரு திருட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் இந்தக் காரை உருள வைக்க வேண்டும்.

காலையில் டயர்க் கடை வாசலில் நின்றான்.

“அண்ணே, நாலு டயர் வேணும். ரிம்மோட. பழசா இருந்தாலும் பரவாயில்லை.”

ஏன், எதற்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை.

“உங்க அதிர்ஷ்டம் சார், இப்பதான் வந்து இறங்குச்சு. அதே சைஸ். ரெண்டே நாள் ஓடினது. பாதி விலைக்குத் தரேன்.”

நாலையும் ஒவ்வொன்றாக உருட்டி வந்து அவன் முன்னால் சாய்த்து வைத்தார். ராக்கெட் சட்டைப் பையிலிருந்த பூட்டு நட்டுச் சாவியைத் தடவிப் பார்த்தான்.

“பூட்டு நட்டு மட்டும் புதுசு வேண்டாம் சார். அது உங்க பானட் மேலேயே இருக்கும்” என்றார் கடைக்காரர்.