மணிக்கூட்டு அறைக்கு அனுமதி

எத்தனை பிள்ளைகள் என்று தொலைபேசித் திரையில் இருந்த பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஒன்று, மகள் மட்டும் என்றேன்.

அவள் ஒட்டாவாவில் இருந்து பேசுகிற பாதுகாப்பு விசாரணை அதிகாரி. நான் கொட்டாஞ்சேனையில், என் வீட்டு முன்னறையில், கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருந்தேன்.

என் மகள் யூஜினா அங்கே இராணுவத்துக்கு மணிக்கூடு வடிவமைக்கிறாள். சுவரில் மாட்டுவதல்ல, சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு கருவி. எதிரி ஒட்டுக்கேட்காதபடி கப்பலிலும் விமானத்திலும் உள்ள வானொலிகள் ஒரே கணத்தில் அலைவரிசை மாற வேண்டும். அந்தக் கணத்தைச் சொல்வது அதுதான். ஆயிரம் வருடத்தில் ஒரு செக்கன் பிசகாதாம்.

வரைந்தவள் அவள். ஆனால் அதை ஓடவிட்டுப் பார்க்கும் அறைக்குள் அவளை விடமாட்டார்கள். குடும்பத்தை விசாரித்துத் திருப்தி வந்தால்தான் அனுமதி. வராவிட்டால் மூன்று வருட உழைப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லி, மகள் காலையில் மூன்று தரம் தொலைபேசி எடுத்தாள். எனக்கே புத்தி சொல்கிறாள்.

நாற்பது நிமிடமாகக் கேள்விகள். எந்தக் கட்சி, எந்தச் சங்கம், யார் யாருடன் போக்குவரத்து. துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். என் சொல்லை ஒருவரும் இரண்டாம் தரம் கேட்டதில்லை.

இவள் கேட்டாள். வேறு பிள்ளை இல்லையா?

இல்லை.

குடும்பத்தில் யாராவது தடுப்புக்காவலில் இருந்ததுண்டா?

எங்கள் வாசற்படியைப் பொலிஸ் மிதித்ததில்லை என்றேன்.

அப்போது ஒருவன் தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான். அவனுடைய நரைத்த தாடி திரையில் விழுந்தது. இவர் யார் என்றாள்.

வாடகைக்கு அறை எடுத்திருக்கிறவர் என்றேன்.

அவன் போகாமல் நின்றான்.

“ரெண்டெண்டு சொல்லுங்கோ, டாடி. எனக்காக இல்ல. தங்கச்சிக்காக.”

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ‘டாடி’ தெரியும்.

பேனாவைக் கீழே வைத்தாள். மகள் தன் படிவத்தில் எல்லாம் எழுதியிருக்கிறாள் என்றாள். அண்ணன் பிறெடி. இரண்டாயிரத்து எட்டில் வீட்டில் வைத்துச் சந்தேகத்தில் பிடித்தது. பத்தொன்பது மாதம். வழக்கில்லாமல் விடுதலை. அதில் ஒரு தடையும் இருக்கவில்லை. வீட்டாரும் அதையே சொல்கிறார்களா என்று பார்ப்பதுதான் மிச்சம்.

எத்தனை பிள்ளைகள் என்று மறுபடியும் கேட்டாள்.

இரண்டு என்றேன்.

முதல் பதிலை அழிக்க முடியாது, அதன் கீழே இதையும் எழுதுகிறேன் என்றாள். பிறகு, பிறெடியோடு கொஞ்சம் பேசலாமா என்று கேட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்கு யாராவது வந்தால் செய்யும்படி பதினைந்து வருடமாக நான் பழக்கியிருந்தபடி, அவன் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு பின்னால் போயிருந்தான்.