நாற்பத்தொரு பங்காளிகள்

மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றித் தையல்காரி யாரிடமும் மூச்சு விடவில்லை. தனியாகப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்தாள். மறுநாள், தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஒதுக்கிவிட்டு, முடிவைப் பார்க்க அரசு மருத்துவமனையின் இணையதளத்தைத் திறந்தாள்.

"உங்கள் வருகையை எங்கள் பங்காளிகள் 41 பேருக்குத் தெரிவிக்கலாமா?" என்று கேட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'பார்ட்னர்ஸ்' என்பதை எவனோ அரைகுறையாக மொழிபெயர்த்திருக்கிறான். சொத்துக்கு அடித்துக்கொள்கிற பங்காளிகள் போதாதென்று அரசாங்கத்துப் பங்காளிகள் வேறா? 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். முடிவு நான்கு மணிக்கு வரும் என்றது பக்கம்.

நான்கு மணிக்குக் கணவன் வேலையிலிருந்து வந்தான்.

"யாரு வந்திருக்காங்க? வாசல்ல கால் வைக்க இடமில்ல, அவ்வளவு செருப்பு!"

வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. எட்டிப் பார்த்தாள். மாடிப்படி வரைக்கும் ஜோடி ஜோடியாக, ஒழுங்காக விட்டிருந்தார்கள். எண்ணினாள். நாற்பத்தொரு ஜோடி.

கணவன் தன் செருப்பையும் அந்த வரிசையின் கடைசியில் விட்டான். உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ரிசல்ட் வந்துடுச்சாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் கைப்பேசியைப் பார்த்தாள். 'பங்காளிகள் 42 பேருக்கும் தெரிவித்தாயிற்று' என்றிருந்தது. அவளுடைய முடிவு மட்டும் இன்னும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.